தொழில்நுட்ப எழுத்துக்குப் பட்டம் வேண்டுமா?

இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு

பி.எஸ்ஸி. முடித்தபின் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், நம் கல்லூரியில் வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கும்: எம்.எஸ்ஸி., பி.எட்., அரசுத் தேர்வு. நான்காவது விடை ஒன்றும் உண்டு. ‘பார்ப்போம்’ என்பது அது. நம்முள் பெரும்பாலோர் இந்த நான்காவது வகையினரே என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். இந்தப் ‘பார்ப்போம்’ கூட்டத்தினரிடையே சென்ற ஆண்டு முதல் ஒரு புதிய பெயர் அடிபடுகின்றது. ‘டெக்னிகல் ரைட்டிங்’ என்றும், சற்றுப் பெரிய பெயராக ‘டெக்னிகல் கம்யூனிகேஷன்’ என்றும் சொல்கின்றனர். தமிழில் தொழில்நுட்ப எழுத்து, தொழில்நுட்பத் தொடர்பியல் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனிப் பட்டமே இருக்கின்றதாம். அதைப் பெற்றவர்க்குக் கணிப்பொறி நிறுவனங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் வேலை நிச்சயமாம்.

பெயர் பரவியதும் கடையும் திறந்துவிட்டது. நம் நகரத்திலேயே ஒரு பயிற்சி நிலையம் இந்தப் பெயரில் ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு நடத்துகின்றது. கட்டணம் 45,000 ரூபாய். நானும் என் தோழியும் நேரில் சென்று விசாரித்தோம். ‘நூறு விழுக்காடு வேலை உறுதி’ என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. எந்த நிறுவனத்தில், இதுவரை எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில் என்று கேட்டோம். அங்கிருந்தவர் எங்களுக்குக் குடிக்கக் குளிர்ந்த நீர் கொடுத்தார். 45,000 ரூபாய் என்பது என் தந்தையின் மூன்று மாதக் கூலி. அதுவும் நாள் தவறாமல் வேலை கிடைத்தால். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பணம் வீணானால் நட்டம் எனக்கு மட்டுமன்று. எனக்குப் பின்னால் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் தங்கைக்கும்தான். ஆகவே இந்தப் பட்டத்தின் மதிப்பு என்ன என்பதை ஆர அமர எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை எனக்கு உண்டாயிற்று. எண்ணியதை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் இத்தொழில் யாது? ஒரு பொருளை நன்கு அறிந்தவர் ஒருபுறம். அதைப் பயன்படுத்த வேண்டியவர் மறுபுறம். இருவர்க்கும் நடுவே நின்று எழுதுவதே தொழில்நுட்ப எழுத்து. மிக்சியோடு வரும் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், விமானத்தைப் பழுது பார்ப்பவர் கையில் இருக்கும் நூல், கைப்பேசிச் செயலியில் ‘உதவி’ என்னும் பகுதி, தொழிற்சாலையில் எந்திரத்தின் அருகே தொங்கும் செயல்முறை அட்டை, இவை அனைத்தையும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியிருக்கின்றார். கதை எழுதுபவர் பெயர் அட்டையில் வரும். இவர் பெயர் எங்கும் வராது. எழுத்து சரியாக இருந்தால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, இத்துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகின்றேன். 1979 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்துகொண்டது. அழுத்தம் தணிந்ததும் அது மூடியிருக்க வேண்டும்; மூடவில்லை. உலையைக் குளிர்விக்கும் நீர் அவ்வழியே போய்க்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. விளக்கு அணைந்திருந்ததால் வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் எடுத்துக்கொண்டனர். உண்மையில் அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை அன்று. வால்வுக்குப் போன மின்கட்டளையை. ‘மூடச் சொல்லியாயிற்று’ என்றது விளக்கு. ‘மூடியாயிற்று’ என்று படித்தனர் ஆட்கள். இன்னொரு மானி நீர் மிகுதியாக இருப்பதாகக் காட்டவே, தானாக வந்துகொண்டிருந்த அவசரக் குளிர்நீரையும் அவர்கள் குறைத்துவிட்டனர். உலையின் மையப் பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னதாக, 1977 செப்டம்பரில், ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்தில் இதே போல் ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. அங்கும் பணியாளர்கள் அவசர நீரை நிறுத்தினார்கள். உலை அப்போது மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கியதால் பெருந்தீங்கு நேரவில்லை. இரண்டு உலைகளையும் வடிவமைத்தது ஒரே நிறுவனம். அதன் பொறியாளர்கள் அபாயத்தைக் கண்டுகொண்டனர். பணியாளர்க்குத் தெளிவான அறிவுறுத்தல் அனுப்ப வேண்டும் என்று 1978 பிப்ரவரியில் உள்சுற்றுக் குறிப்பும் எழுதினர். குறிப்பு இன்னொரு பிரிவுக்குப் போயிற்று. அங்கே ஓர் ஐயம் கிளம்பிற்று. அந்த ஐயத்தை யாரும் உரிய காலத்தில் தீர்த்து வைக்கவில்லை. விபத்து நாள் வரையில் அந்த அறிவுறுத்தல் பணியாளர் கைக்குச் சேரவே இல்லை. அறிந்தவர்கள் இருந்தார்கள். அறிந்ததைத் தாளிலும் எழுதினார்கள். படிக்க வேண்டியவர் மட்டும் படிக்கவில்லை.

ஆகவே தொழில் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் பட்டத்தைப் பற்றியதே.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் புதுப்புது எந்திரங்களும் ஆயுதங்களும் குவிந்தன. அவற்றை இயக்கக் கற்பிக்கும் கையேடுகள் வேண்டியிருந்தன. போருக்குப் பின் அந்தத் தேவை தொழிற்சாலைகளுக்குப் பரவிற்று. ரென்சலர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் 1953-இல் இதில் முதுகலைப் பட்டம் தொடங்கிற்று. பின்னர்ப் பல பல்கலைக்கழகங்கள் தொடர்ந்தன. படிப்பவர் யார் என்று ஆராய்தல், பக்கத்தை அமைத்தல், படம் வரைதல், எழுதியதைப் பயனாளரிடம் கொடுத்துச் சோதித்தல், திருத்துதல் ஆகியன பாடங்கள். நல்ல பாடங்கள்தாம். ஊதியமும் தாழ்வன்று. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2023 மே மாதக் கணக்குப்படி, அங்கே தொழில்நுட்ப எழுத்தாளரின் நடுமதிப்பு ஆண்டு ஊதியம் 80,050 டாலர். அதாவது பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குகின்றனர். (இதை உடனே ரூபாயால் பெருக்கிப் பார்க்கும் நண்பர்கள், அந்த ஊர் வீட்டு வாடகையையும் அதே போல் பெருக்கிப் பார்க்கக் கேட்டுக்கொள்கின்றேன்.)

ஆனால் அந்த ஊதியத்தை வாங்குவோர் அனைவரும் தொழில்நுட்பத் தொடர்பியல் பட்டம் பெற்றவர் அல்லர். அங்கே நுழைவுக்கு வழக்கமாகக் கேட்பது ஓர் இளங்கலைப் பட்டம். ஆங்கிலம், இதழியல், பொறியியல், அறிவியல் எனப் பல வாயில்களின் வழியாகவும் ஆட்கள் வருகின்றனர். பட்டத்தோடு, எழுதும் பொருளைப் பற்றிய அறிவும் இருந்தால் மதிப்பு கூடுகின்றது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பட்டம் ஒரு பூட்டின் சாவி. அது இல்லாமல் கதவு திறவாது. இத்தொழிலில் கதவுக்குப் பூட்டே கிடையாது. பூட்டில்லாக் கதவுக்குச் சாவி விற்பவர் சற்று அதிகமாகவே பேச வேண்டியிருக்கும். நம் நகரத்துப் பயிற்சி நிலையத்தின் சுவரில் கண்டது அதைத்தான்.

இன்னொரு செய்தியையும் அந்தச் சுவரில் யாரும் எழுதவில்லை. 1953-இல் வேர்விட்டு, உலகெங்கும் இத்தொழிலினர்க்குத் தாய்ச்சங்கம் போல் விளங்கிய அமெரிக்காவின் தொழில்நுட்பத் தொடர்பியல் சங்கம், நிதி நெருக்கடியால் 2025 சனவரியில் மூடப்பட்டது. சங்கம் மூடியதால் தொழில் மூடிவிட்டது என்று பொருளில்லை. ஆயினும், ‘இது நாளுக்கு நாள் வளரும் துறை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரிடம் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் நாட்டிற்கு வருவோம். பெங்களூர், ஐதராபாத், புனே, சென்னை ஆகிய நகரங்களில் மென்பொருள் நிறுவனங்கள் தொழில்நுட்ப எழுத்தாளர்களை வேலைக்கு வைத்திருக்கின்றன. இதைத் தனிப் பட்டமாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் நம்மிடையே அரிது. எனவே நிறுவனங்கள் அந்தப் பட்டத்தைக் கேட்டுக் காத்திருப்பதும் இல்லை. ஏதேனும் ஒரு பட்டம், எழுதிக் காட்டிய மாதிரிகள் சில, ஒரு சோதனை என்று முடிகின்றது. சோதனையும் பெரிய வித்தையன்று. தேநீர் போடுவது எப்படி என்று எழுதச் சொல்வார்கள். சிரிக்கவேண்டா, எழுதிப் பாருங்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு நீர், அடுப்பை எப்போது அணைப்பது, பால் எங்கே சேர்வது என்று எழுதி, அதுவரை அடுப்பங்கரைக்கே போகாத உங்கள் தம்பியிடம் கொடுத்து அதன்படியே செய்யச் சொல்லுங்கள். வருவது தேநீராக இருந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

இவ்வளவும் கணிப்பொறி நிறுவனத்தைப் பற்றி. வேதியியல் மாணவர்களாகிய நமக்கு அண்மையில் இருப்பது மருந்துத் தொழிற்சாலையும் தோல் தொழிற்சாலையும் சாயப் பட்டறையும் சிப்காட் வளாகமுமே. அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேரும் பி.எஸ்ஸி. பட்டதாரியின் நாளில் பெரும்பங்கு எதில் கழிகின்றது தெரியுமா? குடுவையில் அன்று, எழுத்தில். ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் பதிவேடு எழுத வேண்டும். எழுதப்படாதது செய்யப்படாதது என்பது அந்தத் தொழிலின் பழமொழி. ஒரு செயல்முறை மாறினால் அதற்குரிய ஆவணத்தை மாற்றி எழுத வேண்டும். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் என ஒன்று உண்டு; அதில் 16 பகுதிகள்; நான்காவது முதலுதவி, எட்டாவது கையுறை, கண்ணாடி முதலிய தற்காப்பு. கந்தக அமிலம் கண்ணில் தெறித்தவன் அந்த நான்காவது பகுதியை நிதானமாக உட்கார்ந்து படிக்கமாட்டான். பக்கத்தில் நிற்கும் ஒருவர் ஓடிப்போய்ப் பார்க்கும் அரை நிமிடத்திற்காக அது எழுதப்படுகின்றது. இதை எழுதப் போகின்றவருக்கு வேதியியல் தெரிய வேண்டும். அந்த அரை நிமிடமும் தெரிய வேண்டும்.

ஆகையால் என் கருத்து இது. தொழில்நுட்ப எழுத்து என்பது, தனியே ஒரு பட்டமாக நின்று சோறு போடுவதைவிட, இன்னொரு படிப்பின் உள்ளே சேர்ந்து அதன் விலையை உயர்த்துகின்றது. வெறும் எழுத்தை மட்டும் கற்றவர், எழுதுவதற்குப் பொருள் தேடி இன்னொருவர் வாயைப் பார்க்க வேண்டும். பொருளை அறிந்த நாம் எழுத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. தனிப் பட்டத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்கப் பட்டதாரிக்கு அந்த நான்காண்டில் பயிற்சிப் பணியும், எழுதிக் குவித்த மாதிரிகளும், தொழிலில் உள்ளவரின் அறிமுகமும் கிடைக்கின்றன. அவையே பயன். அவை எதுவும் ஆறு மாதச் சான்றிதழில் தாளாக அச்சடித்துக் கொடுக்கப்படுவதில்லை.

“எங்களுக்கு ஆங்கிலம் வராதே” என்று கேட்கும் குரல் என் காதில் விழுகின்றது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்று வந்த எனக்கும் அந்த அச்சம் உண்டு. அதைப் பாதி தீர்த்த செய்தி ஒன்றைச் சொல்கின்றேன். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென ஐரோப்பிய விமானத் தொழில் துறையினர் ‘எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம்’ என்று ஒன்றை வகுத்து 1986-இல் வெளியிட்டனர்; திருத்தப் பதிப்புகள் பின்னர் வந்துள்ளன. அதன் அகராதியில் அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் ஏறத்தாழ 900 மட்டுமே. கருவிகளின் பெயர்களைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ‘குளோஸ்’ என்றால் ‘மூடு’ என்ற வினை மட்டுமே. ‘அருகில்’ என்ற பொருளில் அதைப் பயன்படுத்தக்கூடாது, அதற்கு ‘நியர்’ இருக்கின்றது. செய்யச் சொல்லும் வாக்கியம் 20 சொற்களுக்கு மேற்படக்கூடாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பழுதுபார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கின்றார்களே என்று எண்ணிச் செய்த ஏற்பாடு இது. இங்கே சொல்லலங்காரம் குற்றம். கடினமான சொல் தெரியாதது குறையன்று. ஆங்கில இலக்கியத்தில் தங்கப்பதக்கம் பெற்றவரும் நாமும் இந்த 900 சொல்லின் முன் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கின்றோம். ஆயினும் இலக்கணம் பிழையற வேண்டும். அதற்கு உழைத்தே ஆகவேண்டும், குறுக்கு வழி இல்லை.

வேறொரு வகையில் நாம் முன்வரிசையிலேயே நிற்கின்றோம் என்றும் எண்ணுகின்றேன். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் வீட்டின் ‘படித்துச் சொல்பவர்’ ஆவர். வங்கியின் செலான், ரேஷன் கடைக்கு வந்த குறுஞ்செய்தி, மின் கட்டணச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு, எல்லாம் நம் கையில்தான் வரும். நான் ஆறாம் வகுப்பிலிருந்து இந்த வேலை பார்க்கின்றேன். சம்பளம் மட்டும் இல்லை. இவற்றுள் எனக்கு மிகவும் சினமூட்டுவது பூச்சிமருந்துத் துண்டுத்தாள். 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகளின்படி புட்டியின் மேல் நிறமுள்ள முக்கோணம் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. உள்ளே வட்டார மொழியிலும் அச்சிட்ட தாள் வைக்க வேண்டும் என்பதும் விதி. விதி நல்ல விதி. முக்கோணத்தை எழுத்தறியாத என் பாட்டியும் கண்டுகொள்கின்றார். தாளைத்தான் யாராலும் படிக்க முடிவதில்லை.

எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து என்பது ஒருபுறம் இருக்கட்டும். அளவைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 500 மில்லி மருந்து, 500 லிட்டர் நீரில் கலக்கவும் என்று தாளில் இருப்பதாகக் கொள்வோம். என் தந்தைக்கு ஏக்கர் தெரியும், சென்ட் தெரியும், ஹெக்டேர் தெரியாது. 500 லிட்டர்த் தொட்டி அவரிடம் இல்லை. முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க் இருக்கின்றது. அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: “டேங்குக்கு எவ்வளவு?” கணக்குப் போட்டால் விடை 16 மில்லி. ஏக்கருக்கு ஏறத்தாழ 200 மில்லி, 12 அல்லது 13 டேங்க். இந்த ஒரு வரி தாளில் இல்லை. ஆகவே அவர் கடைக்காரரைக் கேட்கின்றார். கடைக்காரர், “ரெண்டு மூடி ஊத்துங்க அண்ணே” என்கின்றார். மூடி எத்தனை மில்லி என்பது புட்டிக்குப் புட்டி மாறும். தாளில் அச்சிட்டது ஒன்றும் பொய்யன்று. எல்லாம் அறிவியல்படி சரியானதே. ஆனால் அதை எழுதியவர் ஒருநாளும் டேங்க் தூக்கிய ஒருவரை நினைத்துப் பார்த்து எழுதவில்லை. நம்முள் எத்தனையோ பேர் அந்த டேங்கைத் தூக்கியிருக்கின்றோம், அல்லது தூக்கியவர் சட்டையைத் துவைத்திருக்கின்றோம். இந்த அறிவை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைக்க இயலாது.

தமிழில் இத்தகைய எழுத்துக்குச் சம்பளம் இருக்கின்றதா என்று கேட்பீர்கள். இன்றைக்கு மிகக் குறைவு என்பதே நேர்மையான விடை. ஆனால் மரபு இல்லை என்று சொல்வதற்கில்லை. சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து, தாமே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வழக்கறிஞரான இராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். பெ.நா. அப்புசாமி ஆயுள் முழுவதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். இவர்களிடம் யாரும் தொடர்பியல் பட்டம் கேட்கவில்லை. நம் நூலகத்தில் அறிவியல் தமிழ் நூல்கள் இருக்கும் அலமாரி கடைசி வரிசையில், மின்விளக்குக்கு எட்டாத மூலையில் உள்ளது என்பதையும் போகிறபோக்கில் நூலகர் ஐயாவின் கவனத்திற்குக் கொண்டுவருகின்றேன்.

இனி, எந்திரத்தைப் பற்றி. 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்த நாளிலிருந்து, எழுதும் தொழில்கள் எல்லாம் ஒழிந்தன என்று பேசப்படுகின்றது. பிழையற்ற ஆங்கிலத்தில் பத்துப் பத்தி எழுதுவது மட்டுமே ஒருவரின் திறமை என்றால், அவர் அஞ்ச வேண்டியதுதான். அந்த வேலையை எந்திரம் நொடியில் செய்துவிடுகின்றது. நான் அதனிடம் நம் பாடத்திட்டத்தில் உள்ள ஒரு பருமனறி சோதனைக்குச் செயல்முறை கேட்டேன். அழகாகவே எழுதிக் கொடுத்தது. ஆனால் நம் ஆய்வகத்தில் இருபது பேருக்கு எத்தனை வெப்பமானி இருக்கின்றது, சன்னல் ஓரத்துப் பர்னர் ஏன் எரிவதில்லை, முதலாண்டு மாணவன் எந்த இடத்தில் திகைத்து நிற்பான் என்பவை அதற்குத் தெரியாது. போய்ப் பார்ப்பதும், கேட்பதும், எழுதியது மெய்தானா என்று சோதிப்பதும் மனிதர்க்கு எஞ்சி நிற்கின்றன. எழுத்துக்கூலி குறையும், சரிபார்ப்பவரின் தேவை குறையாது என்பது என் கணிப்பு. இதனாலும், எழுத்தை மட்டும் கற்பிக்கும் பட்டத்தைவிட, பொருளைக் கற்பிக்கும் பட்டத்தையே நான் நம்புகின்றேன்.

அப்படியானால் அந்த 45,000 ரூபாயைக் கட்டாமல் எழுத்தை எங்கே கற்பது? கூகுள் நிறுவனம் தன் எழுத்துப் பயிற்சிப் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றது, கைப்பேசியிலேயே படிக்கலாம். அதைவிட அருகில் ஓர் இடம் இருக்கின்றது. அது நம் ரெக்கார்டு நோட்டு. ஆசிரியப் பெருமக்கள் இதைச் சொல்வதற்காக என்னைப் பொறுத்தருள வேண்டும். நாம் ரெக்கார்டு எழுதுவதில்லை. ரெக்கார்டைப் பெயர்த்து எழுதுகின்றோம். சீனியர் அக்காவின் நோட்டு நமக்கு, நம்முடையது அடுத்த ஆண்டுக்கு. அக்காவுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்ந்தால் கல்லூரி தொடங்கிய ஆண்டுக்கே போய்ச் சேரலாம். கையெழுத்து அழகுக்கும், படம் பென்சிலால் வரைந்ததற்கும், அட்டை போட்டதற்கும் மதிப்பெண் கிடைக்கின்றது. அதைப் பார்த்து இன்னொருவர் அந்தச் சோதனையைச் செய்ய முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும் சோதனையில், நம் நோட்டுகள் எல்லாவற்றிலும் ‘சூடான கரைசலை நிலையான இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை தரம் பார்க்கவும்’ என்ற வாக்கியம் இருக்கின்றது. எவ்வளவு சூடு? 60 முதல் 70 பாகை செல்சியஸ். ஆறிவிட்டால் வினை மந்தமாகும். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். இது நோட்டில் இல்லை. அடுத்து, முதலில் விழும் சில துளிகளின் நிறம் உடனே மறைவதில்லை. வினையை விரைவுபடுத்தும் மாங்கனீசு அயனி அப்போதுதான் உண்டாகத் தொடங்குகின்றது. சிறிது உண்டானபின் நிறம் சட்டென்று மறையும். இதை அறியாத முதலாண்டு மாணவர், முதல் துளியின் நிறம் நிற்பதைக் கண்டதும் முடிவுநிலை வந்துவிட்டது என்று பியூரெட்டை மூடிவிட்டு 0.2 மில்லி என்று எழுதுகின்றார். பிறகு விடை வராமல் பக்கத்து மேசையின் அளவீட்டைக் கேட்டு எழுதிக்கொள்கின்றார்.

துறைத்தலைவர் ஐயா அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பருவத்திற்கு ஒரு சோதனையை மட்டுமேனும், அதை இதுவரை செய்யாத ஒருவர்க்காக நாங்களே சொந்தமாக எழுத வேண்டும், தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. எழுதியதை ஒரு முதலாண்டு மாணவர் கையில் கொடுத்து, நாங்கள் வாய் திறவாமல் நின்று பார்க்க வேண்டும். அவர் எங்கே நிற்கின்றாரோ அங்கே திருத்த வேண்டும். ரெக்கார்டுக்குரிய மதிப்பெண்ணில் ஐந்தை இதற்கு ஒதுக்கினால் போதும். மூன்று ஆண்டில் ஆறு சோதனைகள், இரு மொழிகளில் பன்னிரண்டு மாதிரிகள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். வேலைக்குப் போகும் இடத்தில் ‘எழுதிய மாதிரி ஏதேனும் இருக்கிறதா’ என்று கேட்டால் எடுத்து நீட்டலாம்.

நானும் தோழியர் இருவரும் மேற்சொன்ன பெர்மாங்கனேட் சோதனைக்கு ஒரு பக்கத் தாள் எழுதி, இரண்டாவது ஆய்வக மேசையின் மேல் ஒட்டியிருக்கின்றோம். ஒன்பது வரிகள், ஒரு வரியில் ஒரு செயல். நான்காவது வரி, ‘முதல் துளியின் நிறம் மறையும்வரை பொறுத்திருங்கள், அதன் பிறகே அடுத்த துளியை விடுங்கள்’ என்பது. சென்ற மாதம் ஆறு முதலாண்டு மாணவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். ஐவர் யாரையும் கேட்காமல் முடித்தனர். ஆறாமவர் ஏழாவது வரியில் நின்றார். ‘இளஞ்சிவப்பு’ என்பது எவ்வளவு இளமை என்று கேட்டார். நல்ல கேள்வி. வெள்ளைத் தாளை அடியில் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவு, அரை நிமிடம் நிற்க வேண்டும் என்று சேர்த்திருக்கின்றோம். இனி அத்தாளைப் பார்த்துச் செய்கின்றவர்கள், எந்த வரியில் நின்றீர்கள் என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டுப் போகவும்.